கினி-பிசாவில் போருக்கு நடுவே நடந்த 1972 தேர்தல்

கேள்வி இது: ஒரு நாடு இன்னும் காலனியாக இருக்கும்போதே, அங்கே துப்பாக்கி ஏந்திப் போராடிய விடுதலை இயக்கம் தன் கையில் இருந்த பகுதியில் தேர்தல் நடத்தியதாமே, அது எப்படி முடிந்தது? உண்மையிலேயே மக்கள் ஓட்டுப் போட்டார்களா, இல்லை உலகத்துக்குக் காட்ட நடத்திய நாடகமா?

மக்கள் ஓட்டுப் போட்டார்கள். உலகத்துக்குக் காட்டவும்தான் அதை நடத்தினார்கள். ஒன்று உண்மை என்றால் மற்றது பொய்யாக வேண்டும் என்று எடுத்துக்கொண்டால் இந்தத் தேர்தலே புரியாது. மேற்கு ஆப்பிரிக்காவில் அன்று போர்த்துகீசிய கினி என்று அழைக்கப்பட்ட, இன்றைய கினி-பிசாவில் 1972 ஆகஸ்ட் முதல் அக்டோபர் வரை நடந்தது அது. நடத்தியது அமில்கார் கப்ரால் தலைமையிலான கட்சி. கினி மற்றும் கேப் வெர்டே விடுதலைக்கான ஆப்பிரிக்கக் கட்சி என்பது அதன் முழுப்பெயர், போர்த்துகீசியச் சுருக்கத்தில் பிஏஐஜிசி. ஓட்டுப் போட்டவர்கள் பெரும்பாலும் எழுதப் படிக்கத் தெரியாத நெல் விவசாயிகள். தலைக்கு மேலே போர்த்துகீசிய விமானங்கள் பறந்துகொண்டிருந்த காலம்.

முதலில் இடத்தைப் பற்றிக் கொஞ்சம். கேரளத்தைவிடச் சற்றே சிறிய நிலப்பரப்பு, அன்றைக்கு ஏறத்தாழ ஐந்து லட்சம் மக்கள். கரையோரம் முழுக்க ஆறுகளும் கழிமுகங்களும் அலையாத்திக் காடுகளும். அந்தச் சதுப்பில் வரப்பு கட்டி, கடல்நீரைத் தடுத்து நெல் விளைவிப்பதில் பலாந்தா இன மக்கள் கைதேர்ந்தவர்கள். கிழக்கே வறண்ட சமவெளி, அங்கே ஃபுலா இனத் தலைவர்களின் செல்வாக்கு. போர்த்துகல் 1951-ல் தன் அரசியல் சட்டத்தைத் திருத்தி, தன் காலனிகளையெல்லாம் 'கடல் கடந்த மாகாணங்கள்' என்று பெயர் மாற்றிக்கொண்டது. கோவா விஷயத்தில் நேருவிடம் போர்த்துகல் சர்வாதிகாரி சலாசர் பிடித்த பிடிவாதம் நம் ஊர்க்காரர்களுக்குத் தெரியும். அதே வாதம்தான் இங்கேயும். மாகாணம் என்றால் விடுதலை என்ற பேச்சுக்கே இடமில்லை, ஐ.நா.வுக்குக் கணக்குக் காட்டவும் தேவையில்லை. ஆனால் அந்த 'மாகாணத்து' மக்களில் குடிமக்கள் உரிமை பெற்ற கறுப்பினத்தவர் 1950 கணக்கெடுப்பின்படி நூற்றுக்கு ஒருவர்கூடக் கிடையாது. மற்றவர்கள் எல்லாரும் சட்டப்படி 'நாகரிகமடையாதவர்கள்'. அந்தச் சட்டம் 1961 வரை இருந்தது. ஓட்டுரிமை என்பது இந்த விவசாயிகளின் வாழ்க்கையில் ஒருநாளும் எட்டிப் பார்த்ததில்லை. இதை மனதில் வைத்துக்கொண்டு மேலே படியுங்கள்.

கப்ரால் வேளாண் பொறியாளர். லிஸ்பனில் படித்துவிட்டு வந்து, 1953-ல் இதே காலனியின் வேளாண் கணக்கெடுப்பை நடத்தியவர். ஊர் ஊராகப் போய் யார் என்ன பயிரிடுகிறார்கள், நிலம் யாரிடம், யார் யாருக்குக் கட்டுப்பட்டவர்கள் என்று எழுதி வைத்தவர். பின்னாளில் கட்சி எந்த இனத்தாரிடம் எப்படிப் பேச வேண்டும் என்று அவர் சொன்னதெல்லாம் அந்த அனுபவத்தின் அடிப்படையில்தான் என்று நான் நினைக்கிறேன். கட்சி 1956-ல் பிசாவ் நகரில் தொடங்கியது. 1959 ஆகஸ்ட் 3-ஆம் தேதி பிஜிகிட்டி துறைமுகத்தில் கூலி உயர்வு கேட்டு வேலைநிறுத்தம் செய்த தொழிலாளர்களைச் சுட்டுக் கொன்றார்கள். செத்தவர்கள் சுமார் 50 பேர் என்று கட்சி சொன்னது. அதற்குப் பிறகு நகரத்தை விட்டுக் கிராமத்துக்குப் போவது என்று முடிவாயிற்று. 1963 ஜனவரியில் தித்தே என்ற ஊரிலிருந்த ராணுவ முகாமைத் தாக்கியதில் ஆயுதப் போர் தொடங்கியது.

இங்கேதான் பலரும் கவனிக்காமல் விடும் விஷயம் வருகிறது. 1972 தேர்தலைப் பற்றிப் பேசுகிறவர்கள் 1972-லிருந்து ஆரம்பிப்பார்கள். ஆரம்பிக்க வேண்டியது 1964 பிப்ரவரியில், தெற்கே கசாகா என்ற இடத்தில் நடந்த கட்சி மாநாட்டிலிருந்து. அப்போது பக்கத்திலேயே கோமோ தீவில் பெரிய சண்டை நடந்துகொண்டிருந்தது. போர் தொடங்கி ஒரு வருடம்தான் ஆகியிருந்தது, அதற்குள் சில கெரில்லாத் தளபதிகள் தாங்கள் பிடித்த பகுதியில் குட்டி ராஜாக்களாக ஆகிவிட்டிருந்தார்கள். கிராமத்துப் பெண்களைத் தொந்தரவு செய்வது, சூனியம் வைத்ததாகக் குற்றம் சாட்டி ஆட்களைக் கொல்வது, மேலிடத்துச் சொல்லைக் கேட்காமல் தன் இனத்துக்காரர்களை மட்டும் சேர்த்துக்கொண்டு தனி ஆட்சி நடத்துவது என்று எல்லாம் நடந்தது. கிராமத்து மக்கள் மாநாட்டுக்கே வந்து புகார் சொன்னார்கள். கப்ரால் அந்தத் தளபதிகளை விசாரணைக்கு உட்படுத்தினார், சிலருக்கு மரண தண்டனையும் கிடைத்தது. துப்பாக்கி கட்சிக்குக் கட்டுப்பட வேண்டும், கட்சி கிராமத்துக்குப் பதில் சொல்ல வேண்டும் என்ற ஏற்பாடு அங்கே பிறந்தது. படை முறையாகச் சீரமைக்கப்பட்டதும், கிராமக் குழுக்கள், மக்கள் கடைகள், பள்ளிகள் பற்றிய முடிவுகளும் அந்த மாநாட்டில்தான்.

கிராமக் குழு என்று சொல்வதை அருகில் போய்ப் பார்க்கலாம். அங்கே கிராமத்துக்குத் தபங்கா என்று பெயர். ஒவ்வொரு தபங்காவும் ஊர்க்கூட்டம் கூடி ஐந்து பேரைத் தேர்ந்தெடுக்க வேண்டும், அதில் இரண்டு பேராவது பெண்களாக இருக்க வேண்டும். அறுபதுகளின் நடுவில், ஒரு போர்க்களத்தில், இந்த விதி! எடுத்த எடுப்பில் பல ஊர்களில் ஆண்கள் ஒப்புக்கொள்ளவில்லை, பெண்களும் கூட்டத்தில் வாய் திறக்கத் தயங்கினார்கள்; கட்சி ஆட்கள் திரும்பத் திரும்பப் போய்ப் பேசித்தான் அதை நடைமுறைக்குக் கொண்டுவந்தார்கள். ஐந்து பேருக்கும் தனித்தனி வேலை உண்டு. விளைச்சலைப் பார்த்துக்கொள்வது ஒருவர், ஊர்க்காவல் ஒருவர், மருத்துவமும் பள்ளியும் ஒருவர், போராளிகளுக்கு உணவும் தங்க இடமும் ஒருவர், பிறப்பு இறப்புப் பதிவும் கணக்கும் ஒருவர். ஒருவர் சரியாக வேலை செய்யவில்லை என்றால் ஊர்க்கூட்டம் அவரை மாற்றலாம். அதற்கு முன்பு அந்த ஊர்களை ஆண்டது யார் என்று பார்த்தால், போர்த்துகீசியர் நியமித்த தலைவர்கள். குடிசை வரி வசூலிப்பதும் கட்டாய வேலைக்கு ஆள் பிடித்து அனுப்புவதும் அவர்கள் வேலை. அந்த இடத்தில் ஊரே தேர்ந்தெடுத்த ஐந்து பேர் வந்து உட்கார்ந்தார்கள்.

இந்தக் கடைசி ஆள், பிறப்பு இறப்புப் பதிவு செய்பவர், எனக்கு ரொம்ப முக்கியமானவராகத் தோன்றுகிறார். ஊரில் எத்தனை பேர், யார் பெரியவர், யார் சிறியவர் என்று ஓர் ஏட்டில் எழுதி வைக்கும் பழக்கம் அங்கே இல்லாதிருந்தால், 1972-ல் வாக்காளர் பட்டியல் என்று ஒன்றை யோசித்திருக்கவே முடியாது.

அப்புறம் மக்கள் கடை. போர்த்துகீசியக் கம்பெனிகளின் வியாபாரம் நின்று போன பகுதிகளில் துணி, உப்பு, சர்க்கரை, மண்வெட்டி எல்லாம் கிடைக்காமல் போயிற்று. கட்சி கடை திறந்தது. பணம் கிடையாது, விவசாயி நெல்லைக் கொண்டுவந்து கொடுத்துவிட்டுத் துணியோ உப்போ வாங்கிப் போவார், கம்பெனிக்காரர் கொடுத்ததைவிட நல்ல மாற்று விகிதத்தில். மக்கள் யாரும் ஒருவர் மூளையிலிருக்கும் கருத்துகளுக்காகச் சண்டை போடுவதில்லை, நல்ல வாழ்க்கைக்காகத்தான் சண்டை போடுகிறார்கள் என்பதைக் கப்ரால் தன் ஆட்களுக்கு 1965-லேயே எழுத்தில் கொடுத்திருந்தார். மக்களிடம் பொய் சொல்லாதீர்கள், சுலபமாக வென்றுவிட்டதாகப் பீற்றாதீர்கள் என்பதும் அதே அறிவுரையில் வருகிறது. பள்ளிகள் நூற்றுக்கு மேல் நடந்தன, பெரும்பாலும் காட்டுக்குள், விமானம் கண்டுபிடித்தால் இடம் மாற்றிக்கொண்டு. ஊர்ச் சச்சரவுகளைத் தீர்க்க மக்கள் நீதிமன்றங்கள். ஆக, எட்டு வருடமாக அங்கே ஓர் அரசு ஓடிக்கொண்டிருந்தது. அதற்குப் பெயர்தான் இல்லை.

அந்தப் பெயரை எப்படி வாங்குவது என்பதுதான் 1971-ல் கட்சியின் முன்னால் இருந்த சிக்கல். கப்ரால் அதை ஒரு வழக்கறிஞரின் கண்ணோடு பார்த்தார். நிலைமை என்ன? உலகத்தின் பார்வையில் அது ஒரு காலனி, அதில் ஒரு விடுதலை இயக்கம் இருக்கிறது. போர்த்துகல் பேச்சுவார்த்தைக்கு வர மறுக்கிறது. இப்படியே விட்டால் எத்தனை கிராமங்களைப் பிடித்தாலும் சட்டத்தின் கண்ணில் நீ கலகக்காரன்தான். ஆனால் உண்மையில் நாட்டின் பெரும்பகுதியில் வேறொரு நிர்வாகம் நடக்கிறது. அப்படியென்றால், இது ஏற்கனவே ஒரு நாடு, அதன் சில பகுதிகளை அந்நியப் படை ஆக்கிரமித்திருக்கிறது என்றல்லவா சொல்ல வேண்டும்? கேள்வியை இப்படித் திருப்பிப் போட்டுவிட்டால் ஆக்கிரமிப்பாளன் போர்த்துகல் ஆகிவிடுகிறது. இதற்கு ஒன்று குறைகிறது: நாடு என்று அறிவிக்கும் அதிகாரம் யாருக்கு? கட்சித் தலைமை தானே எழுந்து நின்று அறிவிக்கலாம். அல்ஜீரிய விடுதலை முன்னணி 1958-ல் தேர்தல் எதுவும் இல்லாமல் கெய்ரோவிலிருந்து தற்காலிக அரசை அறிவித்தது. கப்ரால் அந்த வழியில் போக விரும்பவில்லை. மக்கள் தேர்ந்தெடுத்த ஓர் அவை அறிவிக்க வேண்டும், அதுவும் நாட்டு மண்ணில் கூடி அறிவிக்க வேண்டும் என்றார்.

இன்னொரு அவசரமும் இருந்தது. 1968-ல் ஆளுநராக வந்த ஜெனரல் ஸ்பினோலா முந்தையவர்களைப் போல வெறும் குண்டு மட்டும் போடுகிறவர் இல்லை. கிராமங்களை ஒன்று சேர்த்துக் காவலுக்குள் குடியமர்த்தினார், மருத்துவமனை, பள்ளி, மசூதி என்று கட்டிக் கொடுத்தார், முஸ்லிம் தலைவர்களை மெக்காவுக்கு அனுப்பினார். 1970-லிருந்து இனவாரியாக 'மக்கள் மாநாடுகள்' கூட்டி, மக்கள் எங்களோடு இருக்கிறார்கள் என்று காட்டத் தொடங்கினார். அதே ஆண்டு நவம்பரில் கப்ராலையும் அவருக்கு இடம் கொடுத்த பக்கத்து நாடான கினிக் குடியரசின் அதிபர் செக்கூ தூரேயையும் ஒழித்துக்கட்ட அந்நாட்டுத் தலைநகர் கொனாக்ரியின் மீதே கடல் வழியாகப் படையெடுத்துப் பார்த்ததும் இவர் காலத்தில்தான். மக்களின் பிரதிநிதி யார் என்ற போட்டி இரண்டு பக்கமும் நடந்துகொண்டிருந்தது. நாங்கள்தான் பிரதிநிதிகள் என்று வாயால் சொல்வதைவிட எண்ணிக் காட்டுவது மேல் என்று கட்சி நினைத்ததில் வியப்பில்லை.

சரி, எப்படி நடத்தினார்கள்? முடிவு 1971-ல் எடுக்கப்பட்டது. 1972 தொடக்கத்திலிருந்து பெயர்ப் பதிவும் ஊர்க்கூட்டங்களும். தேர்தல் என்றால் என்ன, அவை என்றால் என்ன, எதற்காக ஓட்டு என்று எட்டு மாதம் போல விளக்கினார்கள். ஓட்டைக் கண்ணாலும் பார்த்திராத மக்களுக்கு அது தேவைப்பட்டது. இரண்டு அடுக்குத் தேர்தல் அது. முதலில் மக்கள் நேரடியாக, ரகசிய வாக்கெடுப்பில், வட்டார மன்றங்களுக்கு உறுப்பினர்களைத் தேர்ந்தெடுப்பார்கள். அந்த மன்றங்கள் தங்களுக்குள்ளிருந்து தேசிய மக்கள் அவைக்கு ஆட்களை அனுப்பும். அவையில் மொத்தம் 120 இடம். அதில் 80 இப்படி மக்களிடமிருந்து வருபவை, மீதி 40 கட்சியின் அரசியல், ராணுவ, தொழில்நுட்பப் பொறுப்பாளர்களிலிருந்து கட்சியே நியமிப்பவை.

ஓட்டு எதற்கு? இங்கே ஒளிவுமறைவு வேண்டாம். போட்டி வேட்பாளர் என்று யாரும் கிடையாது. கட்சி வைக்கும் ஒரே பட்டியல். அதை ஏற்கிறேன், ஏற்கவில்லை என்று வாக்காளர் சொல்ல வேண்டும். பட்டியலில் யார் இருக்கலாம் என்பது ஊர்க்கூட்டங்களில் விவாதிக்கப்பட்டது, உண்மையான வாதப் பிரதிவாதம் அங்கேதான் நடந்தது. கட்சி வெளியிட்ட கணக்கின்படி பதிவு செய்தவர்கள் சுமார் 82,000; ஓட்டுப் போட்டவர்கள் சுமார் 77,500; ஆதரவு ஏறத்தாழ 97 விழுக்காடு, எதிர்த்தவர்கள் இரண்டாயிரத்துச் சொச்சம். எண்ணியதும் அறிவித்ததும் கட்சிதான், வெளியார் யாரும் எண்ணிப் பார்க்கவில்லை.

இந்த இடத்தில் ஒரு குழப்பத்தைத் தீர்க்க வேண்டும். ஐ.நா. பார்வையாளர்கள் இந்தத் தேர்தலை நேரில் பார்த்தார்கள் என்று சிலர் எழுதுகிறார்கள். அப்படி இல்லை. ஐ.நா.வின் காலனி ஒழிப்புக் குழு அனுப்பிய மூவர், ஈக்வடார், சுவீடன், துனீசியா நாட்டுக்காரர்கள், 1972 ஏப்ரல் தொடக்கத்தில் ஒரு வாரம் போல விடுவிக்கப்பட்ட தெற்குப் பகுதிக்குள் வந்து போனார்கள். அது ஓட்டுப் பதிவுக்குச் சில மாதங்களுக்கு முன்பு. பெரும்பாலும் இரவில், நடந்தே பயணம். அவர்கள் வரப்போவது தெரிந்ததும் போர்த்துகீசியப் படை அந்தப் பகுதியில் தாக்குதலைத் தீவிரமாக்கியது. அவர்கள் பார்த்தது பள்ளிகளையும் மருத்துவ நிலையங்களையும் கடைகளையும் ஊர்க்கூட்டங்களையும். திரும்பிப் போய், அங்கே நிர்வாகம் நடத்துவது இந்த இயக்கம்தான் என்று அறிக்கை கொடுத்தார்கள். அந்த மாதமே குழு பிஏஐஜிசியை அந்த மக்களின் ஒரே உண்மையான பிரதிநிதி என்று ஏற்றது. அந்தப் பயணத்தின் எடை என்னவென்றால், 'விடுவிக்கப்பட்ட பகுதி என்று ஒன்றே கிடையாது' என்று போர்த்துகல் சொல்லிக்கொண்டிருந்தது உடைந்தது. அதனால்தான் பிறகு நடந்த தேர்தலை வெறும் கட்டுக்கதை என்று தள்ள முடியாமல் போயிற்று.

குண்டு வீச்சுக்கு நடுவே கூட்டம் கூட்டுவது எப்படி என்று நினைத்துப் பாருங்கள். அந்தப் பகுதியில் கூட்டம் என்றாலே ஆபத்து. திறந்த வெளியில் நூறு பேர் நின்றால் விமானம் வரும், நேபாம் என்ற தீக்குண்டு விழும். ஆகவே எல்லாக் காரியமும் மரங்களின் மறைவில். ஒரே நாளில் எல்லா இடத்திலும் ஓட்டுப் பதிவு என்ற பேச்சுக்கே இடமில்லை. வட்டாரம் வட்டாரமாக, வாரக்கணக்கில் இழுத்துக்கொண்டு போனதற்குக் காரணம் அதுதான். மேலும் அது மழைக்காலம், வயலில் வேலை உச்சத்தில் இருக்கும் நேரம். காட்டுப் பாதையில் நடந்து வந்து, ஓட்டைப் போட்டுவிட்டு, மறுபடியும் வரப்பு வேலைக்குத் திரும்பிய அந்த 77 ஆயிரம் பேரை நினைத்தால், அதற்கு முன்பும் பின்பும் எத்தனை குறை சொன்னாலும், எனக்கு மரியாதைதான் வருகிறது.

குறைகளையும் சொல்லிவிடுகிறேன். ஒரே பட்டியல் என்பதை மேலே பார்த்தோம். பிசாவ், பஃபதா, கபூ போன்ற நகரங்கள் போர்த்துகீசியர் கையில் இருந்தன. அங்கே ஓட்டு இல்லை, அந்த மக்களுக்கான இடங்களைத் தற்காலிக ஏற்பாட்டில் நிரப்பினார்கள். கிழக்கே ஃபுலாக்கள் வாழும் பகுதிகளில் கட்சிக்கு வேர் ஆழமில்லை, பல தலைவர்கள் போர்த்துகல் பக்கம் இருந்தார்கள், அவர்கள் குரல் இந்தக் கணக்கில் சரியாக வரவில்லை. கட்சியின் பெயரிலேயே இருக்கும் கேப் வெர்டே தீவுகளில் ஆயுதப் போரும் இல்லை, இந்தத் தேர்தலும் இல்லை. கட்சியைப் பிடிக்காதவர்கள் விடுவிக்கப்பட்ட பகுதியை விட்டு ஏற்கனவே வெளியேறியிருப்பார்கள் என்பதையும் சேர்த்துத்தான் அந்த 97 விழுக்காட்டைப் பார்க்க வேண்டும். நாட்டு மக்கள் அனைவரின் தீர்ப்பு என்று அதை நான் சொல்ல மாட்டேன். இந்த நிர்வாகத்தின் கீழ் வாழ்ந்தவர்கள் அதற்குக் கொடுத்த ஒப்புதல் என்று சொல்வேன், அதில் எனக்குச் சந்தேகம் இல்லை. அவர்கள் ஒத்துழைக்காமல் அந்த இயக்கம் ஒரு மாதம்கூட அங்கே தாக்குப் பிடித்திருக்க முடியாது, சாப்பிட்ட சோறே அவர்கள் கொடுத்தது.

தேர்தல் முடியும் தறுவாயில், அக்டோபரில், கப்ரால் நியூயார்க்கில் ஐ.நா. பொதுச் சபையின் குழு முன் பேசிக்கொண்டிருந்தார். 1973 புத்தாண்டுச் செய்தியில், தேர்தல் முடிந்தது, இந்த ஆண்டே அவை கூடும், நாட்டை அறிவிக்கும் என்றார். ஜனவரி 20 இரவு, கொனாக்ரியில் தன் வீட்டு வாசலில், சொந்தக் கட்சி ஆட்களாலேயே சுட்டுக் கொல்லப்பட்டார். பின்னால் போர்த்துகீசிய உளவுத்துறையின் கை இருந்தது என்று கட்சி குற்றம் சாட்டியது. கினிக்காரர்களுக்கும் தலைமையில் அதிகமாக இருந்த கேப் வெர்டேக்காரர்களுக்கும் நடுவே இருந்த கசப்பு அதற்குப் பயன்பட்டது என்பதையும் மறைக்க முடியாது. பத்து நாள் கழித்து, அவருடைய இறுதிச் சடங்குக்குப் போகும் வழியில் கஷேவ் ஆற்றைக் கடக்கும்போது பதுங்கித் தாக்கியதில் தித்தினா சிலா இறந்தார். கட்சியின் முன்னணிப் பெண் தளபதி, முப்பதுகூட நிரம்பாத வயது. அந்த நாள், ஜனவரி 30, அங்கே இன்றும் பெண்கள் தினம்.

தலைவர் செத்தால் இயக்கம் சிதறும் என்று கணக்குப் போட்டவர்கள் ஏமாந்தார்கள். இரண்டு மாதத்தில் சோவியத் ஏவுகணைகள் வந்து போர்த்துகீசிய விமானங்கள் விழத் தொடங்கின. மே மாதம் தெற்கே கிலேஜே கோட்டை வீழ்ந்தது. இந்த நேரத்தில் தேர்தல் ஏற்கனவே முடிந்திருந்தது எவ்வளவு பெரிய விஷயம் என்று பாருங்கள். அறிவிக்க வேண்டிய அவை தயாராக இருந்தது. கப்ரால் இல்லாமலும் அதைக் கூட்ட முடிந்தது. 1973 செப்டம்பர் 23, 24 தேதிகளில் தென்கிழக்கே போயே மலைப்பகுதியில் அவை கூடியது. அந்தப் பகுதியைப் போர்த்துகீசியர் 1969-லேயே கைவிட்டிருந்தார்கள். பின்வாங்கும்போது கொருபால் ஆற்றில் படகு கவிழ்ந்து நாற்பதுக்கும் மேற்பட்ட சிப்பாய்கள் மூழ்கிப் போன சோகமும் அப்போது நடந்ததுதான். அவை அரசியல் சட்டத்தை ஏற்றது, செப்டம்பர் 24 அன்று கினி-பிசாவ் குடியரசை அறிவித்தது. கப்ராலின் தம்பி லூயிஸ் கப்ரால் அரசு மன்றத் தலைவரானார். அவைத் தலைவர் நினோ வியெரா. துணைத் தலைவர்களில் கார்மன் பெரைரா என்ற பெண்ணும் ஒருவர். 1984-ல் சில நாள் நாட்டின் பொறுப்புத் தலைவராகவும் இருந்தார், ஆப்பிரிக்காவில் அந்தப் பொறுப்பில் அமர்ந்த முதல் பெண்களில் ஒருவர்.

கப்ரால் போட்ட சட்டக் கணக்கு அப்படியே பலித்தது. சில வாரங்களிலேயே பல டஜன் நாடுகள் அங்கீகரித்தன. 1973 நவம்பர் 2 அன்று ஐ.நா. பொதுச் சபை ஒரு தீர்மானத்தை 93 ஆதரவு, 7 எதிர்ப்பு, 30 நடுநிலை என்று நிறைவேற்றியது. அதன் தலைப்பைப் பாருங்கள்: கினி-பிசாவ் குடியரசின் சில பகுதிகளைப் போர்த்துகீசியப் படைகள் சட்டவிரோதமாக ஆக்கிரமித்திருப்பது பற்றி! கேள்வி முழுதாகத் திரும்பிவிட்டது. பிசாவ் நகரத்தில் போர்த்துகீசியக் கொடி இன்னும் பறந்துகொண்டிருந்தது, முப்பதாயிரத்துக்கும் மேற்பட்ட படை இருந்தது. ஆனால் அந்தத் தீர்மானத்தின்படி அவர்கள் வேறொருவர் நாட்டில் அத்துமீறி இருப்பவர்கள். எதிர்த்து ஓட்டுப் போட்டவர்களில் அமெரிக்கா, பிரிட்டன், தென்னாப்பிரிக்கா உண்டு. 1974 ஏப்ரல் 25-ல் லிஸ்பனில் இளம் ராணுவ அதிகாரிகள் ஆட்சியைக் கவிழ்த்தார்கள். அவர்களில் பலர் இதே கினியில் போரிட்டு, இது வெல்ல முடியாத போர் என்று உணர்ந்தவர்கள். செப்டம்பர் 10 அன்று போர்த்துகல் அங்கீகரித்தது. ஒன்று கவனியுங்கள்: அது விடுதலை 'கொடுத்த' நாள் என்று கினி-பிசாவ் கொண்டாடுவதில்லை. அங்கே சுதந்திர தினம் செப்டம்பர் 24 தான், அவை கூடி அறிவித்த நாள்.

இதே மாதிரி வேறெங்கும் நடந்ததா என்று கேட்டால், வியட்நாமில் ஹோ சி மின் அரசு 1946 ஜனவரியில் நடத்திய தேர்தலைச் சொல்லலாம். தெற்கே பிரெஞ்சுப் படை புகுந்துவிட்ட பகுதிகளில் ஒளித்து மறைத்துத்தான் ஓட்டு வாங்கினார்கள். அயர்லாந்தை உதாரணம் காட்டுவார்கள், அது வேறு வகை: 1918-ல் ஐரிஷ் விடுதலைக் கட்சியான சின் ஃபெய்ன் பிரிட்டன் நடத்திய தேர்தலிலேயே நின்று 105-ல் 73 இடம் வென்று, லண்டனுக்குப் போகாமல் டப்ளினில் தனி அவை கூட்டியது. காலனி அரசின் ஓட்டுப் பெட்டியையே பயன்படுத்திக்கொண்டார்கள். கினி-பிசாவ் விவசாயிகளுக்கு அப்படி ஒரு பெட்டியே கொடுக்கப்படவில்லை, தாங்களே செய்துகொள்ள வேண்டியிருந்தது.

பிறகு என்ன ஆயிற்று என்பதையும் சொல்லாமல் விடக்கூடாது, ஏனென்றால் 1972-ன் குறை எங்கே போய் முட்டியது என்று அதில் தெரிகிறது. 1974-ல் கட்சி காட்டிலிருந்து பிசாவ் நகரத்துக்குள் வந்து காலனி அரசின் அலுவலகங்களில் அமர்ந்தது. நகர மக்களோ கிழக்குப் பகுதி மக்களோ இந்தக் கட்சியின் கிராமக் குழு அனுபவம் எதையும் பார்த்தவர்கள் இல்லை. போர்த்துகீசியப் படையில் இருந்த ஆப்பிரிக்கச் சிப்பாய்கள் பலரை விசாரணை இல்லாமல் சுட்டுக் கொன்றார்கள், அந்தப் புதைகுழிகள் 1980-ல் வெளிச்சத்துக்கு வந்தன. கசாகாவில் தன் தளபதிகளையே விசாரணைக்கு நிறுத்திய கட்சி இதைச் செய்தது என்பதைப் படிக்கும்போது மனம் வலிக்கிறது. கிராமக் குழுக்கள் மெல்ல மெல்ல மேலிடத்து உத்தரவை வாங்கிச் சொல்லும் இடமாகத் தேய்ந்தன. 1976 டிசம்பரில் தொடங்கி நடந்த அடுத்த தேர்தலும் ஒரே பட்டியல்தான். இந்த முறை நாடு முழுக்க நடந்ததால் எதிர் ஓட்டு 1972-ஐவிடக் கணிசமாகக் கூடியது. அதைக் கேட்டுத் திருந்த வேண்டிய நேரத்தில் கட்சி திருந்தவில்லை. 1980 நவம்பர் 14 அன்று நினோ வியெரா, முதல் அவையின் அதே தலைவர், ராணுவப் புரட்சியில் லூயிஸ் கப்ராலைக் கவிழ்த்தார். அத்தோடு கட்சியின் கேப் வெர்டேக் கிளை பிரிந்து போயிற்று. 1972-ல் மரத்தடியில் ஏற்கிறேன், ஏற்கவில்லை என்று ஓட்டுப் போட்ட ஒரு விவசாயி, பல கட்சிகளில் ஒன்றைத் தேர்ந்தெடுக்க 1994 ஜூலை வரை காத்திருக்க வேண்டியிருந்தது.